அசெம்பிளி மொழி: தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஃபர்ம்வேர், அதாவது சாதனங்களுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், எழுதும் வேலையில் இருக்கிறேன். சொந்தத்திலும் தெருவிலும் இன்ஜினியரிங், பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு செமஸ்டரும் யாராவது ஒருவர் "அக்கா, இந்த அசெம்பிளி புரியவே இல்லை" என்று நோட்டோடு வந்து நிற்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைகளின் பெயரை வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அசெம்பிளியும் மெஷின் கோடும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் ஒட்டிப் பிறந்தவை. பிராசசருக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். 8085 பிராசசரிடம் 78 என்ற எண்ணைக் கொடுத்தால், பி ரெஜிஸ்டரில் இருப்பதை ஏ ரெஜிஸ்டருக்கு நகலெடுக்கும். (ரெஜிஸ்டர் என்றால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்.) 80 கொடுத்தால் பி-யை ஏ-யோடு கூட்டும். இந்த எண்கள்தான் மெஷின் கோடு. 78 என்று எழுதாமல் "மூவ் ஏ, பி" என்றும், 80 என்று எழுதாமல் "ஆட் பி" என்றும் எழுதினால் அது அசெம்பிளி. ஒரு வரிக்குப் பெரும்பாலும் ஒரு கட்டளை. அந்த வரியை எண்ணாக மாற்றித் தரும் மென்பொருள் அசெம்பிளர்.

கல்லூரி லேபில் இருக்கும் கிட்டில், அதாவது 8085 பயிற்சிப் பலகையில், எண் பலகை மட்டும் இருந்தால் அசெம்பிளர் வேலையை நீங்கள்தான் செய்கிறீர்கள். எந்தக் கட்டளைக்கு எந்த எண் என்று சொல்லும் ஆப்கோட் தாளைப் பார்த்துப் பார்த்து எண்ணாக மாற்றுகிறீர்களே, அதேதான்.

இந்த மாற்றும் வேலையை இயந்திரத்திடமே விட்டுவிடலாம் என்ற யோசனை பழையது. கேம்பிரிட்ஜில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில், கூட்டலுக்கு ஓர் எழுத்து, கழித்தலுக்கு ஓர் எழுத்து என்று எழுதிக் கொடுத்தால் போதும். அதைப் படித்து உள்ளே எண்ணாக மாற்றி வைக்க டேவிட் வீலர் 31 கட்டளைகளில் ஒரு நிரல் எழுதியிருந்தார். அதற்கும் இரண்டு ஆண்டு முன்பே லண்டனில் கேத்லீன் பூத் இப்படி ஒரு குறியீட்டு முறையை வகுத்திருந்தார்.

பைத்தான் இருக்கும் காலத்தில் இதை எதற்குப் படிக்க வேண்டும்?

உண்மையைச் சொல்கிறேன். முழு நிரலை அசெம்பிளியில் எழுதும் வாய்ப்பு உங்களில் பெரும்பாலானவர்களுக்கு வராது. படிக்கும் வாய்ப்புதான் வரும்.

எனக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். சி-யில் ஒரு லூப். இன்டரப்ட், அதாவது நடுவில் குறுக்கிடும் சமிக்ஞை, வந்து ஒரு மாறியை 1 ஆக்கும் வரை அது காத்திருக்க வேண்டும். நிரலைக் கம்பைலரே வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் ஓடியது. ஆப்டிமைசேஷன் போட்டதும் போர்டு அப்படியே உறைந்து நின்றது. சி வரிகளை இரண்டு நாள் முறைத்துப் பார்த்தேன், ஒரு தவறும் தெரியவில்லை. கடைசியில் அசெம்பிளியைத் திறந்தால் ஒரே நிமிடம்: கம்பைலர் அந்த மாறியை மெமரியிலிருந்து ஒருமுறை மட்டும் ரெஜிஸ்டருக்கு எடுத்துவிட்டு, அடுத்த வரியில் தன்னிடமே குதிக்கும் ஒரு ஜம்ப் போட்டிருந்தது. மெமரியில் மாறி மாறினாலும் அது திரும்பிப் பார்க்கப் போவதில்லை. "ஒவ்வொரு முறையும் மெமரியைப் போய்ப் பார்" என்று கம்பைலரிடம் சொல்லும் 'வோலடைல்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அந்தச் சொல்லைக் கல்லூரியில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்திருந்தேன். அதன் பொருள் அன்றுதான் புரிந்தது.

கையால் எழுதப்படும் அசெம்பிளியும் ஒழிந்துவிடவில்லை. வீடியோவை விரித்துக் காட்டும் எஃப்எஃப்எம்பெக், டேவிட் போன்ற திறமூல மென்பொருள்களில் வேகம் அதிகம் தேவைப்படும் இடங்கள் இன்றும் கையால்தான் எழுதப்படுகின்றன. லினக்ஸ் கெர்னலிலும் ஒரு பகுதி அப்படித்தான்.

எந்தப் பிராசசரில் தொடங்குவது?

பாடத்தில் 8085 இருந்தால் 8085. "அது பழசு அக்கா" என்பார்கள். 1976இல் வந்தது, பழசுதான். ஆனால் முழுதாகத் தலைக்குள் அடங்கும். எட்டு பிட் ரெஜிஸ்டர்கள் ஏழு: ஏ, பி, சி, டி, ஈ, எச், எல். கணக்கின் விளைவைக் குறித்து வைக்கும் ஒற்றை பிட் கொடிகள், அதாவது ஃபிளாக்குகள், ஐந்து. மெமரி 65,536 பைட். அவ்வளவுதான் உலகம்.

வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பேர்தான் அஞ்சறை, பல வீடுகளில் கிண்ணம் ஏழு இருக்கும். சமைக்கும்போது கை அதற்குள்தான் போகும். மளிகை ஷெல்ஃபில் எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து கிண்ணத்துக்கு எடுத்து வந்துதான் தாளிக்க முடியும். ரெஜிஸ்டருக்கும் மெமரிக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான். கூட்டல், கழித்தலின் விடை மட்டும் ஏ என்ற கிண்ணத்தில்தான் வந்து விழும். அதனால்தான் அதற்கு அக்குமுலேட்டர் என்று தனிப்பெயர்.

பாடத்திட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, சும்மா ஆர்வம் என்றால் ரிஸ்க்-ஃபைவ் எடுங்கள். 2010இல் பெர்க்லியில் தொடங்கியது. அடிப்படைக் கட்டளைகள் ஐம்பதுக்குள் முடிந்துவிடும், யாரிடமும் உரிமம் வாங்காமல் யாரும் இதில் பிராசசர் வடிவமைக்கலாம். சென்னை ஐஐடியின் ஷக்தி பிராசசர்கள் இந்த வகைதான். 2018இல் லினக்ஸ் ஓடும் ஷக்தி சிப் ஒன்று கைக்கு வந்தது. பழகுவதற்கு ரார்ஸ் என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது, ஜாவா இருந்தால் ஓடும்.

கையில் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி லேப்டாப்பிலேயே நேரடியாக ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் 64 பிட் எக்ஸ்86. ஃபோன், ராஸ்பெரி பை என்றால் ஆர்ம். 8086 பற்றிக் கேட்டால், பாடத்தில் இருந்தால் படியுங்கள், இல்லையென்றால் தேடிப் போக வேண்டாம். செக்மென்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டும் அந்தக் கணக்கு, முதல்முறை படிப்பவரைத் தேவையில்லாமல் குழப்பும்.

எதை எடுத்தாலும் மூன்று மாதம் அதிலேயே இருங்கள். திங்கள் 8085, புதன் ஆர்ம், ஞாயிறு எக்ஸ்86 என்று தாவினால் எல்லாவற்றிலும் முதல் பாடம் மட்டும் நன்றாகத் தெரியும்.

முதல் நிரலாக எதை எழுதுவது?

எட்டே பைட். ஒரு எண்ணை எடுத்து அதையே அதனோடு கூட்டி மெமரியில் வைப்போம். கிட்டில் நிரல் தொடங்கும் முகவரி 4100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கிட்டில் 8000 ஆகவோ 2000 ஆகவோ இருக்கலாம், லேப் மேனுவலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

4100 : 06 08 — எம்விஐ பி, 08
4102 : 78 — மூவ் ஏ, பி
4103 : 80 — ஆட் பி
4104 : 32 00 42 — எஸ்டிஏ 4200
4107 : 76 — ஹால்ட்

முதல் வரி பி-யில் 8 வைக்கிறது. இரண்டாவது அதை ஏ-க்கு நகலெடுக்கிறது. 'மூவ்' என்ற பெயரை நம்பாதீர்கள், எதுவும் இடம் மாறுவதில்லை. பி-யில் 8 அப்படியே இருக்கும். மூன்றாவது, ஏ-யோடு பி-யைக் கூட்டுகிறது. நான்காவது, ஏ-யில் உள்ளதை 4200 என்ற முகவரியில் வைக்கிறது. ஐந்தாவது நிற்கிறது. ஓட்டிவிட்டு ரீசெட் அழுத்தி 4200இல் பாருங்கள்.

10 என்று வரும். எட்டும் எட்டும் பதினாறுதானே என்று கிட்டைத் தட்டாதீர்கள். அது ஹெக்ஸ், பதினாறின் அடுக்கில் எழுதிய எண். ஹெக்ஸில் 10 என்றால் ஒரு பதினாறு, பூஜ்யம் ஒன்று. விடை சரிதான்.

எனக்கு 4200இல் சம்பந்தமே இல்லாத எண் வருகிறது. ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு, 32க்குப் பிறகு 42 00 என்று தட்டியிருப்பீர்கள். நானும் முதல் லேபில் அதைத்தான் செய்தேன். பக்கத்து மேசைக்காரி முடித்துவிட்டு ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள், நான் கிட்டில்தான் கோளாறு என்று சாதித்துக்கொண்டிருந்தேன்.

இன்டெல் வழக்கப்படி முகவரியின் கீழ்ப்பாதி முதலில், மேல்பாதி பிறகு. 4200 என்பதை 00 42 என்று வைக்க வேண்டும். நீங்கள் மாற்றிப் போட்டதும் பிராசசர் அதை 0042 என்று படித்து விடையை அங்கே வைக்கப் போனது. 8085 ரீசெட் ஆனதும் 0000இலிருந்துதான் ஓடத் தொடங்கும், அதனால் கிட் செய்தவர்கள் தங்கள் மானிட்டர் நிரலை ராமாக அங்கே வைப்பதில்லை, ரோமாக வைத்திருப்பார்கள். ரோமில் எழுத முடியாது. பிராசசரும் "எழுத முடியவில்லை" என்று புகார் சொல்லாது. விடை காற்றோடு போயிற்று. 4200இல் நீங்கள் பார்ப்பது முன்னால் வந்த பேட்ச் விட்டுப்போன ஏதோ ஒன்று.

இந்த ஒரு பிழையில் பைட் வரிசை, ரோம், ரீசெட் முகவரி மூன்றும் புரிந்துவிடுகிறது. அதனால் யாராவது தவறாகத் தட்டினால் நான் உடனே திருத்துவதில்லை.

08க்குப் பதில் 88 போட்டேன். அதற்கும் 10தான் வருகிறது! எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. யாரும் கேட்காவிட்டால் நானே "88 போட்டுப் பார்" என்பேன்.

ஹெக்ஸ் 88 என்பது நம் கணக்கில் 136. இரண்டு 136 சேர்ந்தால் 272, ஹெக்ஸில் 110. ஏ ரெஜிஸ்டரில் எட்டு பிட்தான் இடம், 255 வரைதான் பிடிக்கும். 110இல் 10 மட்டும் உள்ளே தங்கும், முன்னால் இருக்கும் 1 வெளியே வழியும். வழிந்த அந்த 1 தொலைந்து போகவில்லை. கேரி என்ற கொடியில் நிற்கிறது. 8ஐப் போட்டபோது கேரி 0, 88ஐப் போட்டபோது கேரி 1. திரையில் இரண்டும் 10, வித்தியாசம் முழுதும் நீங்கள் பார்க்காத அந்த ஒரு பிட்டில்.

அதைக் காப்பாற்றத்தான் லேப் மேனுவலின் கூட்டல் நிரலில் சி ரெஜிஸ்டர் வருகிறது. முதலில் 'எம்விஐ சி, 00' என்று அதைக் காலி செய்கிறோம். கூட்டியதும் 'ஜேஎன்சி', அதாவது கேரி இல்லையென்றால் அடுத்ததைத் தாண்டிக் குதி. தாண்டப்படும் வரியில் 'ஐஎன்ஆர் சி', சி-யில் ஒன்றைக் கூட்டு. கடைசியில் ஏ-யை 4200இலும் சி-யை 4201இலும் வைத்தால், விடையின் இரண்டு பாதியும் பத்திரம். இந்த நிரலை மனப்பாடம் செய்து எழுதிய பலருக்கு, எங்கிருந்தோ சி ஏன் வந்தது என்று கடைசி வரை தெரியாது. வைவாவில் மாட்டுவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டளையும் எல்லாக் கொடியையும் தொடாது. மூவ் எதையும் தொடாது. ஆட் ஐந்தையும் மாற்றும். ஐஎன்ஆர், டிசிஆர் இரண்டும் கேரியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றும். லூப்பில் வரும் புரியாத பிழைகளில் பாதி இங்கிருந்துதான் முளைக்கின்றன.

எல்லாக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். 8085இல் 74 வகைக் கட்டளை, 246 ஆப்கோட். பதினைந்து கட்டளையில் முக்கால்வாசி நிரல் எழுதிவிடலாம். மற்றதுக்குத் தாள் இருக்கிறது.

மனப்பாடத்தைவிட அந்த எண்களின் அமைப்பைப் பாருங்கள். 78ஐ இருமத்தில் எழுதினால் 01 111 000. முதல் 01 என்றால் மூவ். 111 என்றால் ஏ, 000 என்றால் பி. ஆக 'மூவ் ஏ, பி'. 000 பி, 001 சி, 010 டி என்று வரிசையாகப் போகும்; 110 மட்டும் ரெஜிஸ்டர் இல்லை, எச், எல் இரண்டும் சேர்ந்து சுட்டும் மெமரி. சரி, அப்படியென்றால் 01 110 110 என்றால் மெமரியிலிருந்து அதே மெமரிக்கு மூவ், யாருக்கும் பயனில்லாத கட்டளை. அந்த எண் என்ன தெரியுமா? 76. நம் நிரலின் கடைசியில் வந்த ஹால்ட்! வீணாய்ப் போகும் இடத்தில் ஹால்ட்டை வைத்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று ஆப்கோட் தாள் எனக்கு அட்டவணையாகத் தெரியவில்லை, புதிர்க் கட்டமாகத் தெரிந்தது.

கிட் இல்லை, லேப்டாப்தான் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

லினக்ஸ் இருந்தால் நேராக, விண்டோஸ் இருந்தால் அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டு, நாஸ்ம் என்ற அசெம்பிளரை நிறுவுங்கள். இலவசம். முதல் நிரல் திரையில் எதையும் காட்ட வேண்டாம். 7 என்ற எண்ணோடு முடிந்தால் போதும்:

மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
மூவ் ஆர்டிஐ, 7
சிஸ்கால்

சிஸ்கால் என்றால் லினக்ஸிடம் ஒரு வேலையைக் கேட்பது. எந்த வேலை என்ற எண் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் இருக்கும். 64 பிட் லினக்ஸில் 60 என்றால் "நான் முடித்துக்கொள்கிறேன்". ஆர்டிஐ-யில் இருப்பது முடிவு எண். ஓட்டிய கையோடு டெர்மினலில் எக்கோ, ஓர் இடைவெளி, டாலர், கேள்விக்குறி தட்டினால் 7 வரும். 7ஐ 263 ஆக்கிப் பாருங்கள். அதற்கும் 7 வரும். ஏன் என்று மேலே கேரி பகுதியைப் படித்தவர்கள் யூகிக்கலாம்: கடைசி எட்டு பிட் மட்டும்தான் திரும்பி வருகிறது.

அடுத்தது 'வணக்கம்' அச்சிடுவது. ஆர்ஏஎக்ஸில் 1, அதாவது எழுது. ஆர்டிஐ-யில் 1, அதாவது திரை. ஆர்எஸ்ஐ-யில் சொல் இருக்கும் முகவரி. ஆர்டிஎக்ஸில் எத்தனை பைட் என்ற கணக்கு. இந்தக் கடைசி இடத்தில் நம் பிள்ளைகள் எழுத்தை எண்ணி 5 என்றோ, கொஞ்சம் விவரமானவர்கள் புள்ளிகளையும் சேர்த்து 7 என்றோ போடுவார்கள். 7 போட்டால் 'வண' என்று வந்து, பக்கத்தில் ஓர் உடைந்த குறி நிற்கும்.

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'வ' என்பது 224, 174, 181. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறி, ஆகவே 21 பைட். நீங்கள் கொடுத்த ஏழில் வ-வுக்கு மூன்று, ண-வுக்கு மூன்று போக, மிச்சம் ஒன்றில் க-வின் முதல் பைட் மட்டும் போய் அந்தரத்தில் நிற்கிறது. நீளத்தை நாமே எண்ணாமல் அசெம்பிளரை எண்ணச் சொல்லவும் வழி இருக்கிறது, ஆனால் முதல்முறை கையால் எண்ணிவிடுங்கள்.

சிஸ்கால் போட்டால் ஆர்சிஎக்ஸ், ஆர்11 இரண்டிலும் இருந்தது போய்விடும். லூப் எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸில் வைத்துக்கொண்டு உள்ளே அச்சிட்டால் லூப் நிற்காமல் ஓடுவது இதனால்தான்.

இணையத்தில் பார்த்த நிரலை அப்படியே தட்டினேன். ஓடவே இல்லை.

அது உங்கள் கணினிக்கு எழுதப்படாத நிரலாக இருக்கும். மூன்று அடையாளம் சொல்கிறேன்.

'இன்ட் 21' என்ற வரி இருந்தால் அது டாஸ் காலத்து 16 பிட் நிரல். டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில்தான் ஓடும். 'இன்ட் 80' இருந்தால் 32 பிட் லினக்ஸ். அங்கே எழுதுவதற்கு எண் 4, முடிப்பதற்கு 1. 64 பிட்டில் எழுதுவது 1, முடிப்பது 60. இரண்டையும் கலந்தால் "எழுது" என்று நினைத்து "முடி" என்று சொல்லிவிடுவீர்கள், நிரலும் பேசாமல் முடிந்துவிடும். மூன்றாவது, ரெஜிஸ்டர் பெயருக்கு முன்னால் சதவீதக் குறியும் எண்ணுக்கு முன்னால் டாலர் குறியும் இருந்தால் அது ஏடி அண்ட் டி எழுத்து முறை. அதில் எங்கிருந்து என்பது முதலில், எங்கே என்பது பிறகு, நாஸ்மில் தலைகீழ். குனு கருவிகள் இயல்பாக ஏடி அண்ட் டி முறையில்தான் காட்டும், இன்டெல் முறையில் காட்டச் சொன்னால் காட்டும்.

சாட் செயலிகளிடம் கேட்டு வாங்கும் நிரல்களிலும் இந்தக் கலப்படத்தைப் பார்த்திருக்கிறேன். வாங்குங்கள், தவறில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த ரெஜிஸ்டர் என்னவாகிறது என்று நீங்களே எழுத முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

லேப்டாப்பும் இல்லை. ஃபோன் மட்டும்தான்.

போதும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு அதில் கிளாங் கம்பைலரை நிறுவுங்கள். இன்றைய ஃபோன்கள் அநேகமாக எல்லாமே 64 பிட் ஆர்ம். மெயின் என்ற லேபிளின் கீழ் 'மூவ் டபிள்யூ0, 7', அடுத்த வரியில் 'ரெட்'. அவ்வளவுதான், மெயின் வெளியே தெரியும்படி குளோபல் என்று அறிவிக்க மறக்காதீர்கள். எக்கோ போட்டால் அதே 7 வரும்.

எழுதியது தவறாக ஓடுகிறது. எப்படிப் பிழை பிடிப்பது?

முதலில் பேனா. ரெஜிஸ்டர் பெயர்களைத் தலைப்பாகப் போட்டுக் கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வரி. அது ஓடியபின் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும், கேரி என்ன, ஜீரோ கொடி என்ன என்று ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பிறகு ஜிடிபி என்ற டிபக்கரைத் திறந்து 'ஸ்டெப்ஐ' போட்டு ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்' போட்டு உங்கள் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். கிட்டிலும் ஒற்றை அடி நகர்த்தும் சிங்கிள் ஸ்டெப் வசதி பெரும்பாலும் இருக்கும், யாரும் தொடுவதில்லை.

உங்கள் கணிப்பும் ரெஜிஸ்டரும் முதன்முதலில் எந்த வரியில் வேறுபடுகிறதோ, உங்களுக்குத் தெரியாத விஷயம் அந்த வரியில் இருக்கிறது. நிரல் சரியாக ஓடினாலும் இதைச் செய்யுங்கள். சரியான விடை தற்செயலாகவும் வரும். அந்த 10ஐத்தான் பார்த்தோமே. என்னிடம் வருகிற பிள்ளைகளில், இதை ஒரு மாதம் விடாமல் செய்தவர்கள் யாரும் மறுபடி அசெம்பிளி சந்தேகத்தோடு வந்ததில்லை. வந்ததெல்லாம் வேறு பாடத்துக்கு. கட்டம் போடச் சோம்பல்பட்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவர்கள், அடுத்த செமஸ்டரும் அதே நோட்டோடுதான் வருகிறார்கள்.

ஸ்டாக் என்றாலே பயமாக இருக்கிறது.

பயப்படும்படி ஒன்றுமில்லை, எண்ணிக்கை பிசகக்கூடாது, அவ்வளவுதான். ஸ்டாக் என்றால் கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் மெமரிப் பகுதி. ஃபங்ஷனை அழைக்கக் கால் போட்டால் திரும்பி வரவேண்டிய முகவரி ஸ்டாக்கில் ஏறும், ரெட் போட்டால் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு அங்கே குதிக்கும். நடுவில் நீங்கள் ஒரு புஷ் போட்டு அதற்கு பாப் போட மறந்தால், ரெட் எடுப்பது முகவரி அல்ல, நீங்கள் வைத்த எண். பிராசசருக்கு வித்தியாசம் தெரியாது. 25 வைத்திருந்தால் 25ஆம் முகவரிக்குப் போய் நிற்கும்.

64 பிட் லினக்ஸில் சி-யின் பிரின்ட்எஃப்பை அழைக்கும்போது திடீரென்று செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால், கால் போடும் நேரத்தில் ஸ்டாக் முகவரி 16ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட வேண்டும் என்பது அங்கே உடன்படிக்கை. சில நேரம் வகுபடாமலும் ஓடிவிடும், அதனால்தான் பிடிப்பது கஷ்டம்.

சி தெரியாமல் படிக்கலாமா? அசெம்பிளியில் எழுதினால் வேகம் கூடுமா?

8085 படிக்க சி தேவையில்லை. லேப்டாப்பில் என்றால் கொஞ்சம் சி தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் மிகச் சிறந்த வாத்தியார் கம்பைலர்தான். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளத்தில் இடப்பக்கம் சி எழுதினால் வலப்பக்கம் அசெம்பிளி வரும். 1 முதல் என் வரை கூட்டும் ஒரு சாதாரண லூப் எழுதி, கிளாங் கம்பைலரை 'ஓ2' அளவில் வைத்துப் பாருங்கள். வலப்பக்கம் லூப்பே இருக்காது. பள்ளியில் படித்த என் பெருக்கல் என் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு சூத்திரத்தைக் கம்பைலரே கண்டுபிடித்துப் பெருக்கிவிட்டிருக்கும்.

இதைப் பார்த்தபின், "நான் கையால் எழுதினால் வேகமாக ஓடும்" என்ற நினைப்பு கொஞ்சம் அடங்கும். ஜெயிக்கும் இடங்கள் உண்டு. ஒரே கட்டளையில் 32 பைட்டை ஒன்றாகக் கையாளும் வீடியோ, ஒலி வேலைகளைப் போல. அது இரண்டாம் ஆண்டுப் பாடம்.

இதை வைத்து வேலை கிடைக்குமா?

அசெம்பிளி மட்டும் தெரிந்தால் கிடைக்காது. எம்பெடட், ஃபர்ம்வேர், சிப் சரிபார்ப்பு, கம்பைலர், பாதுகாப்பு ஆய்வு வேலைகளின் நேர்காணலில் இது தெரிந்தவர் தனியாகத் தெரிவார். பாதுகாப்புப் பக்கம் ஆர்வம் இருந்தால் கித்ரா என்ற கருவியைப் பழகுங்கள். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2019இல் இலவசமாக வெளியிட்டது. கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளிலும் மெஷின் கட்டளைகளும் அட்ரசிங் மோடுகளும் பாடத்தில் இருக்கின்றன.

எத்தனை நாளில் வரும்?

தினமும் ஒரு மணி நேரம், கட்டத்தோடு உட்கார்ந்தால், லூப்பும் அர்ரேயும் ஒரு மாதத்தில். ஸ்டாக்கும் ஃபங்ஷனும் இன்னொரு மாதம். அடுத்தவர் எழுதிய அசெம்பிளியைப் படிக்கும் கண், அது ஆளைப் பொறுத்தது. எனக்கு வேலைக்குப் போனபின்தான் வந்தது.

அக்கா, நாளை பிராக்டிக்கல். இன்றைக்குத்தான் நோட்டைத் திறக்கிறேன்.

சரி, திட்டி இனிப் பயனில்லை. கேரியோடு கூட்டல், திரும்பத் திரும்பக் கூட்டிச் செய்யும் பெருக்கல், அர்ரேயில் பெரிய எண், ஏறுவரிசை. இந்த நான்கையும் கட்டம் போட்டு ஓட்டிப் பாருங்கள். நான்காவதுக்கு நேரம் இல்லையென்றால் மூன்று. உள்ளீட்டு எண்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் விடை 255ஐத் தாண்டும்படி ஒரு தடவையாவது பழகிக்கொள்ளுங்கள், எக்ஸ்டர்னல் அதைத்தான் கொடுப்பார். ஆப்கோட் தாளை எடுத்துப் போக அனுமதி உண்டா என்று இன்றிரவே வகுப்புத் தோழரிடம் கேட்டுவிடுங்கள். காலையில் கிட் முன்னால் உட்கார்ந்ததும் எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்; ஒன்று சரியாக அழுந்தவில்லையென்றால் தட்டத் தொடங்கும் முன்பே வேறு கிட் கேளுங்கள், பாதியில் கேட்டால் தர மாட்டார்கள்.